அமைப்புத் தரவுத்தளச் சிதைவும் காப்புப்படி கொண்டு அதனை மீளநிறுத்தலும்

தமிழாராய்ச்சிக்குரிய கருவிகளுள் தரவுத்தளமும் ஒன்றாகிவிட்டது. சொல்லடைவும், அகராதிச் சீட்டுகளும், சுவடி விளக்கப் பட்டியல்களும் முன்னர்த் தாளில் இருந்தன. இன்று அவற்றுட் பல தரவுத்தள வழங்கிகளில் வைக்கப்பெறுகின்றன. அங்ஙனம் வைத்தோர், தாம் அரும்பாடுபட்டுத் தொகுத்த தரவுகளுக்குக் காப்புப்படி எடுத்துவைத்தல் வேண்டும் என்பதை ஒருவாறு அறிவர். ஆயின், அத்தரவுகளைத் தாங்கி நிற்கும் வழங்கிக்கே உரியனவாய்ச் சில தரவுத்தளங்கள் உள்ளே உண்டு என்பதையும், அவை சிதையுமாயின் தொகுப்பு முழுதும் நலமாக இருந்தும் ஒரு சொல்லையேனும் எடுத்துக் காணல் இயலாது என்பதையும் அறிந்தோர் சிலரே. 'இது கணிப்பொறியாளர் கடன். நமக்கு இதனால் ஆவது என்னை?' என்று கேட்பாரும் உளர். கருவியை இயக்குதல் அவர் கடனே. எனினும், எதனைக் காத்துவைத்தால் எதனைத் திரும்பப் பெறலாம் என்பதை அறியாத தொகுப்பாசிரியர், அப்பொறியாளரை எதனைக் கேட்டல் வேண்டும் என்பதையும் அறியார். அவ்வறியாமையால் நேரும் இழப்பு, இக்கட்டுரையின் பிற்பகுதியிற் காட்டப்பெறுமாறு, சிலபோது ஈடுசெய்யவொண்ணாதது.

ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட வழங்கி, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரின் எஸ்கியூஎல் சர்வர் என்பது. இது 1989-இல் ஓஎஸ்/2 என்னும் இயக்கத்தளத்திற்கென முதற்கண் வெளிவந்து, பின்னர் விண்டோசில் வேரூன்றி, 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் லினக்சிலும் இயங்கி வருவது. ஆரக்கிள், போஸ்ட்கிரஸ் முதலிய பிற வழங்கிகளின் உள்ளமைப்பு வேறு. ஒன்றன் முறையை மற்றொன்றன்மேல் ஏற்றியுரைத்தல், வீரசோழிய விதி கொண்டு தொல்காப்பியத்தைத் திருத்தப் புகுவதனோடு ஒக்கும். ஆதலின் விண்டோசில் இயங்கும் இவ்வொரு வழங்கியையே கொண்டு விளக்குவாம்.

இவ்வழங்கியில் அமைப்புத் தரவுத்தளங்கள் வெளிப்படையாகத் தோன்றுவன நான்கு. மறைந்து நிற்பது ஒன்று. முதலாவது 'மாஸ்டர்'. வழங்கியில் எவ்வெத் தரவுத்தளங்கள் உள, அவற்றின் கோப்புகள் வன்தட்டில் எவ்விடத்துக் கிடக்கின்றன, யார் யார் உட்புகும் உரிமையுடையார், வழங்கியின் அமைவுகள் யாவை என்பனவெல்லாம் இதன்கண் எழுதப்பெற்றுள்ளன. 'மாடல்' என்பது அச்சு. புதிய தரவுத்தளம் ஒன்று தோற்றுவிக்கப்பெறும்போது இதன் படியாகவே அது தோன்றும். 'எம்எஸ்டிபி' என்பது குறித்த காலத்தில் தாமே நிகழவேண்டிய பணிகளையும், எடுக்கப்பெற்ற காப்புப்படிகளின் வரலாற்றையும் கொண்டது. 'டெம்ப்டிபி' தற்காலிகப் பணிக்களம். வழங்கி ஒவ்வொருமுறை எழும்போதும் புதிதாகப் படைக்கப்படுவது. ஆகவே அதற்குக் காப்புப்படி எடுத்தல் வேண்டா, எடுக்கவும் இயலாது. மறைந்து நிற்பது 'ரிசோர்ஸ்' எனப்படும். 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில் புகுத்தப்பெற்ற இது, வழங்கியின் உள்ளுறுப்புகள் பலவற்றின் வரையறைகளைத் தாங்கியது; படித்தற்கு மட்டுமே உரியது.

இவற்றுள் மாஸ்டரே தலையாயது. ஒரு நூலகத்தில் ஏடுகள் பதினாயிரம் இருப்பினும், அவை எந்தப் பேழையில் உள என்னும் பட்டியலும், பேழைகளின் திறவுகோலும், திறக்கும் உரிமையுடையார் பெயர் எழுதிய ஏடும் ஒருங்கே எரிந்துபோயின் என்னாகும்? ஏடுகள் அழியவில்லை, ஆயினும் அவற்றை எடுப்பார் இல்லை. மாஸ்டர் சிதைந்த வழங்கியின் நிலை அதுவே. உவமை இவ்வளவில் பொருந்துவது. ஒரு கூறு பொருந்தாது. நூலகத்துப் பூட்டை உடைத்தேனும் ஏட்டை வெளிக்கொணரலாம். மறையாக்கம் செய்யப்பெற்ற தரவுத்தளத்தின் பூட்டை உடைத்தல் ஆகாது. அது பின்னர் விளங்கும்.

சிதைவு என்பது யாது என இனி நோக்குவாம். தவறான தரவைப் பதிந்துவிடுதலும், வேண்டிய வரிசையை அழித்துவிடுதலும் சிதைவு ஆகா; அவை எழுதுவோர் பிழை. ஏடு எழுதியவன் 'லகர'த்தை 'ளகர'மாக எழுதினான் எனின் ஏடு சிதைந்தது என்று கூறோம். செல்லரித்தும் துளைபட்டும் எழுத்தே இன்னதென்று அறியவொண்ணாதபோதுதான் சிதைந்தது என்கின்றோம். இவ்வழங்கி தரவுகளை 8 கிலோபைட்டு அளவுள்ள பக்கங்களாகப் பகுத்து வன்தட்டில் எழுதுகின்றது. ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் 96 பைட்டு அளவில் ஒரு தலைக்குறிப்பு உண்டு. 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், பக்கத்தை எழுதுங்கால் அதன் உள்ளடக்கத்தினின்றும் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்புத் தொகையை அத்தலைக்குறிப்பில் எழுதிவைக்கும் வழக்கம் உளதாயிற்று. மீண்டும் படிக்குங்கால் அத்தொகையைப் புதிதாகக் கணக்கிட்டு, எழுதிய தொகையோடு ஒப்பிடும். இரண்டும் மாறுபடின் பக்கம் சிதைந்தது என்பது துணிபு. நூலின் இறுதியில் செய்யுள் தொகையைக் குறித்துவைத்தால், படியெடுப்போர் ஒன்றை விட்டனரா என்பது எண்ணிப் பார்த்த அளவில் வெளிப்படும் அன்றோ? அதனை ஒத்தது இது. விடுபட்டது எது என்பதை அத்தொகை கூறாதவாறு போலவே, சரிபார்ப்புத் தொகையும் சிதைவு உண்டென்று காட்டுமேயன்றிச் சிதைந்ததைத் திருத்தித் தாராது.

இச்சிதைவை வழங்கி மூன்று எண்களால் அறிவிக்கும். 823 என்பது, வன்தட்டினின்றும் படிக்கவோ அதன்கண் எழுதவோ இயலவில்லை என இயக்கத்தளமே கூறியது. 824 என்பது, படிக்க இயன்றும் படித்தது பொருந்தவில்லை என்பது. 825 என்பது, முதன்முறை படிக்க இயலாது, மீண்டும் முயன்றபோது இயன்றது என்பது. இம்மூன்றனுள் 825-ஐப் பலரும் பொருட்படுத்துவதில்லை. பணி தடையின்றி நடந்துவிட்டமையின் அது சிறு குறிப்பாகவே தோன்றும். எம் கருத்தில் அதுவே பெரிதும் மதிக்கத்தக்கது. வன்தட்டு கெடத் தொடங்கிவிட்டது என்பதைக் கேடு முற்றுமுன் உணர்த்துவது அஃதொன்றே.

மேலே செல்லுமுன் சொல்லாராய்ச்சி ஒன்று இன்றியமையாததாகின்றது. ஆங்கில நூல்களில் 'ரீஸ்டோர்' என்றும் 'ரிகவரி' என்றும் இரு சொற்கள் வேறுவேறு பொருளில் வழங்குகின்றன. தமிழில் எழுதுவோர் இரண்டனையும் 'மீட்டல்' என்றே எழுதிவிடுகின்றனர். இதனால் விளையும் மயக்கம் சொல்லளவில் நின்றுவிடுவதன்று, செயலையும் கெடுப்பது. காப்புப்படியினின்றும் பக்கங்களை எடுத்துப் பழைய இடத்தில் எழுதுதல் முன்னது. அங்ஙனம் எழுதிய பின்னர், செயற்குறிப்பேட்டை நோக்கி, முற்றுப்பெற்ற செயல்களை நிலைநிறுத்தியும் முற்றுப்பெறாதவற்றை நீக்கியும் தரவுத்தளத்தை முரணற்ற நிலைக்குக் கொணர்தல் பின்னது. காப்புப்படி இன்றியும் பின்னது நிகழும். மின்தடையால் திடுமென நின்ற வழங்கி மீண்டும் எழும்போதெல்லாம் அது தானே நிகழ்கின்றது. இரண்டனையும் ஒரு சொல்லாற் குறித்தால், 'வழங்கி எழுந்தவுடன் மீட்டல் நடந்துவிட்டது' என்னும் செய்தியைக் கேட்ட தொகுப்பாசிரியர், தம் காப்புப்படி கையாளப்பெற்றது எனக் கொள்ள இடமாகும். எனவே, முன்னதை 'மீளநிறுத்தல்' என்றும் பின்னதை 'மீட்சி' என்றும் வழங்குதல் தகும் என யாம் கருதுகின்றோம்.

'மீட்டல்' என்னும் சொல்லை முன்னதற்கு யாம் விலக்குவதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. புறப்பொருளில் ஆநிரை மீட்டல் பேசப்படுகின்றது. புறப்பொருள் வெண்பாமாலை அதனைக் கரந்தை எனத் தனித் திணையாக்கும். தொல்காப்பியம் வெட்சியுள் அடக்கும். இருநூலார்க்கும் ஒத்தது, மீட்கப்படுவன கவரப்பட்ட அதே ஆக்கள் என்பது. தரவுத்தளத்தில் நிகழ்வது அதுவன்று. சிதைந்த பக்கங்கள் திரும்ப வருவதில்லை. முன்னொருநாள் எடுத்த படி அவற்றின் இடத்தில் நிறுத்தப்படுகின்றது. அந்நாளுக்கும் சிதைந்த நாளுக்கும் இடையே நிகழ்ந்தன எவையோ அவை படியில் இல்லை. பயனர் தரவுத்தளங்களுக்காயின் செயற்குறிப்பேட்டுக்கும் இடையிடையே காப்புப்படி எடுத்து, சிதைவு நேர்ந்த கணத்திற்கு மிக அணித்தாக வந்துவிடலாம். மாஸ்டருக்கு அவ்வசதி இல்லை; அதற்கு முழுக் காப்புப்படி ஒன்றே எடுக்க இயலும். ஆகவே மாஸ்டரை மீளநிறுத்துதல் என்பது, வழங்கியின் நினைவை முன்னைய ஒரு நாளுக்குத் திருப்புதலேயாகும்.

இனி, வழங்கி எழும் முறையை அறிந்தாலன்றி மீளநிறுத்தும் முறை விளங்காது. மாஸ்டரின் கோப்புகள் எங்குள என்பதை வழங்கி விண்டோசின் பதிவேட்டிலிருந்து அறிகின்றது. பிற தரவுத்தளங்கள் எங்குள என்பதை மாஸ்டரிலிருந்தே அறிகின்றது. மாடலைத் திறந்து, அதனைப் படியெடுத்து டெம்ப்டிபியைப் படைக்கின்றது. ஆதலின் மாஸ்டர் திறவாவிடின் யாதும் நிகழாது. மாடல் திறவாவிடினும் டெம்ப்டிபி தோன்றாது. அது தோன்றாவிடின் வழங்கி நில்லாது வீழும். எம்எஸ்டிபி சிதைந்தாலோ வழங்கி எழும். குறித்த பணிகள் மட்டும் நடவா. எனவே 'வழங்கி எழவில்லை' என்னும் ஒரு குறியைக் கொண்டே மாஸ்டர் சிதைந்தது எனத் துணிதல் கூடாது. வழங்கி தன் வீழ்ச்சிக்குக் காரணத்தைப் பிழைக்குறிப்பேடு என்னும் கோப்பில் எழுதிவைத்தே வீழும். அது வெறும் எழுத்துக் கோப்பாதலின் வழங்கி எழாதபோதும் படிக்க இயலும். அதனை முதலிற் படித்தல் வேண்டும். கோப்பு இருக்கும் இடத்தை யாரேனும் மாற்றியதும், வழங்கிக்குரிய கணக்கு அக்கோப்பைத் திறக்கும் உரிமையை இழந்ததும் சிதைவைப் போன்றே தோற்றந் தரும். அவற்றிற்கு மருந்து வேறு.

மாஸ்டர் சிதைந்தது உறுதியாயிற்று எனக் கொள்வோம். முதற்செயல், சிதைந்த கோப்புகளை அவ்வாறே வேறோர் இடத்திற் படியெடுத்து வைத்தல். செல்லரித்த ஏட்டைப் புதுப்படி எடுத்தவுடன் ஆற்றுவெள்ளத்தில் விட்டமையால் நாம் இழந்தவை எத்துணை! புதுப்படியில் ஐயம் நேர்ந்தால் ஒப்புநோக்க மூல ஏடு இல்லாத குறையை இன்றும் பதிப்பாசிரியர்கள் உணர்கின்றனர். ஈண்டும் அவ்வாறே. மேல்வரும் செயல்களுட் சில பழைய கோப்பின்மேல் எழுதிவிடுவன. எழுதியபின் திரும்ப வழியில்லை.

அடுத்து, வழங்கி எழும் நிலையில் உளதா, எழாத நிலையில் உளதா என்பதை நோக்கி வழி இரண்டாகப் பிரியும். மாஸ்டரின் ஒரு பகுதியே சிதைந்து வழங்கி ஒருவாறு எழுமாயின், அதனை ஒற்றைப்பயனர் நிலையில் எழுப்புதல் வேண்டும். இதற்கெனத் தொடக்கக் குறிப்புகளுள் சிறுகோடும் 'எம்' என்னும் எழுத்தும் சேர்க்கப்படும். அந்நிலையில் ஒருவரே வழங்கியோடு தொடர்புகொள்ள இயலும். ஈண்டு ஒரு சிக்கல் அடிக்கடி நேர்வது. வழங்கியோடு எந்நேரமும் தொடர்புகொள்ளக் காத்திருக்கும் வேறு நிரல்கள் உள; குறித்த பணிகளை நடத்தும் 'ஏஜென்ட்' அவற்றுள் ஒன்று. வழங்கி எழுந்தவுடன் அவற்றுள் ஒன்று முந்திக்கொண்டு அவ்வோர் இடத்தையும் பற்றிக்கொள்ளும். பழுதுபார்க்க வந்தவர் வாயிலில் நிற்பார். ஆதலின் ஏஜென்டை முன்னரே நிறுத்திவைத்தலும், 'எம்'மை அடுத்து இன்ன நிரலுக்கே இடம் என அந்நிரலின் பெயரையும் எழுதுதலும் நன்று. 'எஸ்கியூஎல்கமாண்ட்' என்னும் கட்டளைநிரலே இப்பணிக்குப் பெரிதும் ஏற்றது. அதன் வாயிலாக, மாஸ்டரை இன்ன காப்புப்படிக் கோப்பினின்றும் மீளநிறுத்துக என்னும் 'ரீஸ்டோர் டேட்டாபேஸ்' கட்டளையை, உள்ளதன்மேல் எழுதுக எனப் பொருள்படும் 'ரீப்ளேஸ்' என்னும் சொல்லோடு தருதல் வேண்டும். செயல் முடிந்தவுடன் வழங்கி தானே நின்றுவிடும். முறையறியாதார் இதனைக் கண்டு மீண்டும் கேடு நேர்ந்தது என அஞ்சுவர். அச்சத்திற்கு இடமில்லை, புதிய மாஸ்டரைக் கொண்டு மீண்டும் எழுதற்பொருட்டே அது நிற்கின்றது. தொடக்கக் குறிப்பினின்றும் 'எம்'மை நீக்கி எழுப்பினால் வழங்கி பலர்க்கும் வாயில் திறக்கும்.

வழங்கி எழவே இல்லையெனின், மீளநிறுத்துக என்னும் கட்டளையைக் கேட்பார் இல்லை. கட்டளையை ஏற்றுச் செய்வது வழங்கியே. அவ்வழங்கி எழுதற்கு மாஸ்டர் வேண்டும். மாஸ்டரைத் தருதற்கு வழங்கி வேண்டும். இம்முடிச்சை அவிழ்க்கும் பொருட்டு, நிறுவுநிரலிடம் அமைப்புத் தரவுத்தளங்களை மீளக்கட்டுமாறு கூறும் ஒரு வழி அமைக்கப்பெற்றுள்ளது. அது 'ரீபில்ட்டேட்டாபேஸ்' எனப்படும். வழங்கி முதன்முதல் நிறுவப்பெற்ற நாளில் இருந்தவாறே மாஸ்டர், மாடல், எம்எஸ்டிபி மூன்றனையும் அது புதிதாக ஆக்கித் தரும். இங்ஙனம் ஆக்கப்பெற்ற மாஸ்டர் ஒன்றும் அறியாத குழவியை ஒத்தது. நம் தரவுத்தளம் ஒன்றனையும் அது அறியாது; நம் பயனர் ஒருவரையும் அறியாது. ஆயினும் அதனைக்கொண்டு வழங்கியை எழுப்பலாம். எழுந்தபின், மேற்கூறிய ஒற்றைப்பயனர் நிலையில், உண்மையான மாஸ்டரைக் காப்புப்படியினின்றும் அதன்மேல் நிறுத்தலாம். ஆகவே மீளக்கட்டுதல் இடைப்படி, முடிவன்று. மீளக்கட்டிய அளவில் வழங்கி எழுந்தது கண்டு மகிழ்ந்து அவ்வாறே விட்டுவிடுவோர், திருத்தும் வாய்ப்பைத் தாமே நழுவவிடுகின்றனர்.

மீளக்கட்டுதலில் நினைவிற் கொள்ளத்தக்கன சில. மூன்றும் ஒருங்கே புதியனவாகிவிடுதலின், எம்எஸ்டிபி நலமாக இருந்திருப்பினும் அதுவும் போம். அதற்கும் மாடலுக்கும் காப்புப்படி இல்லாதார் இவ்வழியிற் புகுதல் பேரிடர். அமைப்புத் தரவுத்தளங்களை முன்னர் வேறிடத்திற்கு மாற்றியிருப்பின், மீளக்கட்டியபின் மீண்டும் மாற்றுதல் வேண்டும். எழுத்துகளை வரிசைப்படுத்தும் ஒழுங்கையும் அப்போது கூறுதல் வேண்டும். கூறாதுவிடின் முன்னிருந்ததற்கு மாறான ஒழுங்கு அமைந்துவிட இடமுண்டு. டெம்ப்டிபி வழங்கியின் ஒழுங்கைப் பின்பற்றுவது. நம் தரவுத்தளம் தன் பழைய ஒழுங்கில் நிற்பது. மாஸ்டரின் காப்புப்படியை மீளநிறுத்தினார்க்குப் பழைய ஒழுங்கே திரும்புதலின் இதனால் இடரில்லை. காப்புப்படி இன்றி நிற்பார்க்கு, இருபுறத்துச் சொற்களையும் ஒப்பிடப் புகும் இடந்தோறும் வழங்கி முரண் என்று மறுக்கும். அகரவரிசையையே உயிராகக்கொண்ட அகராதித் தொகுப்பிற்கு இதனினும் வேறு தொல்லை வேண்டா.

இவ்விரு வழிகளுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. மீளநிறுத்தல் கைகூடாமைக்கு இதனை மறத்தலே பலவிடத்தும் காரணமாகின்றது. அமைப்புத் தரவுத்தளத்தின் காப்புப்படி, எப்பதிப்பில் எடுக்கப்பெற்றதோ அப்பதிப்பிலேயே மீளநிறுத்தப்பெறும். பயனர் தரவுத்தளமாயின் பழைய பதிப்பில் எடுத்த படியைப் புதிய பதிப்பில் நிறுத்தலாம். மாஸ்டருக்கு அந்நெகிழ்ச்சி இல்லை. ஆண்டு ஒத்தால் போதாது. அதன்மேல் இடப்பெற்ற திருத்தங்களின் எண்ணும் ஒத்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் சனவரியில் ஒரு படி எடுத்து, மார்ச்சில் திருத்தம் ஒன்றை இட்டு, புதுப்படி எடாது விட்டாரை எண்ணுக. ஏப்ரலில் மாஸ்டர் சிதையின், வழங்கியைச் சனவரி நிலைக்கு இறக்கினாலன்றி அப்படி பயன்படாது. நற்பேறாக, காப்புப்படிக் கோப்பின் தலைக்குறிப்பில் அஃது எப்பதிப்பில் எடுக்கப்பெற்றது என்பது எழுதப்பெற்றிருக்கும். 'ரீஸ்டோர் ஹெடர்ஒன்லி' என்னும் கட்டளையால் அதனைப் படித்தறியலாம். அதனைப் படிக்க அதே வழங்கி வேண்டுவதில்லை. வேறொரு வழங்கியும் போதும்.

வேறொரு வழங்கி கைவசம் இருப்பார்க்கு மூன்றாவதாக ஒரு குறுக்குவழியும் உண்டு. அதே பதிப்பும் அதே திருத்த எண்ணும் உடைய வழங்கியில், மாஸ்டரின் காப்புப்படியை வேறு பெயரில் ஒரு பயனர் தரவுத்தளம் போல நிறுத்தி, பின்னர் அதனைப் பிரித்தெடுத்து, அக்கோப்புகளைச் சிதைந்த கோப்புகளின் இடத்தில் வைத்தல் அது. மீளக்கட்டும் பணி இதனால் விடுபடும். கைப்பழக்கம் உடையார்க்கே இது தக்கது என்போம்.

மாஸ்டர் நிறுத்தப்பெற்றுவிட்டது. இனித்தான் ஆராய்ச்சியாளர்க்குரிய பணி தொடங்குகின்றது. ஏனெனில் வழங்கியின் நினைவும் வன்தட்டின் உண்மையும் இப்போது வேறுவேறு. படி எடுத்த நாளுக்குப்பின் தோன்றிய தரவுத்தளங்களின் கோப்புகள் வன்தட்டில் உள. மாஸ்டர் அவற்றை அறியாது. அவற்றை இணைத்துக்கொள்ளுமாறு தனித்தனியே கூறுதல் வேண்டும். அந்நாளுக்குப்பின் நீக்கப்பெற்றவையோ மாஸ்டரின் பட்டியலில் இன்னும் பெயரளவில் நிற்கும். திறக்கப் புகுந்தால் கோப்பு இல்லை என்னும்.

பயனர் பற்றிய சிக்கல் இவற்றினும் நுண்ணியது. வழங்கியுள் நுழைதற்குரிய புகுபெயர் மாஸ்டரில் உளது. ஒரு குறித்த தரவுத்தளத்துள் இயங்குதற்குரிய பயனர்பெயர் அத்தரவுத்தளத்தில் உளது. இரண்டையும் பிணைப்பது பெயர் அன்று. 'எஸ்ஐடி' எனப்படும் அடையாள எண். படி எடுத்த நாளுக்குப்பின் சேர்ந்த ஒருவரின் புகுபெயர், மீளநிறுத்திய மாஸ்டரில் இராது. அதே பெயரில் புதிதாக ஒன்று ஆக்கினால் தீரும் எனத் தோன்றும். ஆயின் புதிய புகுபெயருக்குப் புதிய எண்ணே அமையும். தரவுத்தளத்தில் உள்ள பழைய எண்ணோடு அது பொருந்தாது. பெயர் ஒன்றாயிருந்தும் ஆள் வேறு என வழங்கி விலக்கும். ஔவையார் என்னும் பெயரொற்றுமை ஒன்றே கொண்டு சங்கச் செய்யுள் பாடியாரையும் பிற்கால நீதிநூல் செய்தாரையும் ஒருவரெனக் கொள்வாரை நாம் மறுக்கின்றோம் அல்லமோ? வழங்கியும் அக்கொள்கையினதே, பெயரை நம்பாது, வேறு சான்று கேட்கின்றது. இங்ஙனம் பிணைப்பிழந்த பயனரைப் புதிய புகுபெயரோடு 'ஆல்டர் யூசர்' என்னும் கட்டளையால் பிணைக்கலாம். அல்லது பழைய எண்ணையே கொடுத்துப் புகுபெயரை ஆக்கலாம். விண்டோசின் கணக்குகளுக்கு அவ்வெண்ணை விண்டோசே தருதலின் இவ்விடர் இல்லை.

இதுகாறும் கூறிய இழப்புகள் யாவும் உழைப்பால் ஈடுசெய்யத்தக்கன. ஈடுசெய்யவொண்ணாதது ஒன்று உண்டு என முன்னர்க் குறித்தோம். 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில், வன்தட்டில் உள்ள தரவு முழுதையும் மறையாக்கம் செய்துவைக்கும் முறை ஒன்று புகுத்தப்பெற்றது. 2019-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அது 'ஸ்டாண்டர்டு' வகையிலும் கிடைப்பதாயிற்று. தரவுகளைப் பூட்டும் திறவுகோல் அத்தரவுத்தளத்திலேயே உளது. ஆயின் அத்திறவுகோலே மற்றொரு பூட்டுக்குள் உளது. அதனைத் திறப்பது ஒரு சான்றிதழ். அச்சான்றிதழ் இருப்பது மாஸ்டரில். சான்றிதழின் மறைப்பகுதியைக் காப்பது மாஸ்டரில் உள்ள தலைமைத் திறவுகோல். அதனைக் காப்பது வழங்கிக்குரிய திறவுகோல். ஒன்றனுள் ஒன்றாக அமைந்த பேழைகள் எனக் கொள்க. மாஸ்டர் சிதைந்து, அதற்குக் காப்புப்படியும் இன்றி, சான்றிதழும் தனியே எடுத்துவைக்கப்பெறாவிடின், நலமாக உள்ள தரவுத்தளமும் திறவாது. அதன் காப்புப்படிகளும் திறவா. அவையும் அதே பூட்டில் உள்ளனவே. இருபது ஆண்டு உழைத்துத் தொகுத்த சொல்லகராதி ஒன்று இந்நிலையை எய்துமாயின், அதனை நாள்தோறும் தவறாது படியெடுத்து வைத்திருந்தமையால் ஒரு பயனும் இல்லை. நிறுவனத்தாரை வேண்டினும் திறத்தற்குரிய மாற்றுத் திறவுகோல் அவரிடம் இல்லை. எனவே மறையாக்கம் செய்வித்த அன்றே சான்றிதழின் கோப்பு, அதன் மறைத்திறவுகோலின் கோப்பு, அத்திறவுகோலைக் காக்கும் கடவுச்சொல் ஆகிய மூன்றனையும் வழங்கிக்குப் புறத்தே சேமித்தல் வேண்டும். மூன்றனுள் ஒன்று குறையினும் மற்றை இரண்டும் வீண். தம் தரவுத்தளம் மறையாக்கம் செய்யப்பெற்றுள்ளதா என்பதையே அறியாத தொகுப்பாசிரியர், தம் பொறியாளரை முதற்கண் கேட்கவேண்டிய வினா இதுவாகும்.

ஏனைய மூன்றனையும் பற்றிக் கூறவேண்டுவன சிலவே. மாடல் சிதைந்து வழங்கி எழாவிடின், 3608 என்னும் தடக்குறியோடு எழுப்பினால், மாஸ்டர் ஒழிந்த பிற தரவுத்தளங்களின் மீட்சியை வழங்கி தவிர்த்துவிடும். அவ்விடைவெளியில் மாடலை நிறுத்தலாம். எம்எஸ்டிபியை நிறுத்துங்கால் ஏஜென்டை ஒழித்துவைத்தால் போதும். வேறு தனிநிலை வேண்டா. ரிசோர்ஸுக்கு வழங்கியின் வாயிலாகக் காப்புப்படி எடுக்கும் வழி இல்லை. அதன் கோப்புகளை வெறுங்கோப்புகளாகப் படியெடுத்துவைத்து, வேண்டுங்கால் கையாற் பழைய இடத்தில் வைத்தல் வேண்டும். திருத்தம் இடுந்தோறும் அது மாறுதலின், பழைய படியைப் புதிய வழங்கியில் வைத்துவிடாதவாறு நோக்குதல் வேண்டும்.

மாஸ்டருக்கு எப்போது படி எடுத்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு, நாள்தோறும் என்பதே எளிய விடை. அஃது அளவிற் சிறியதாதலின் இடத்தையும் காலத்தையும் மிகுதியாகக் கொள்ளாது. அதற்குமேல், தரவுத்தளம் ஒன்றை ஆக்கினாலும் நீக்கினாலும், புகுபெயர் ஒன்றைச் சேர்த்தாலும், வழங்கியின் அமைவை மாற்றினாலும், திருத்தம் இட்டாலும் உடனே ஒரு படி எடுத்தல் தகும். படி எடுக்குங்கால் 'செக்சம்' என்னும் சொல்லைச் சேர்த்தால், பக்கங்களின் சரிபார்ப்புத் தொகைகளை ஒப்பிட்டுக்கொண்டே படி எடுக்கப்பெறும். சிதைந்த பக்கத்தைச் சிதைந்தவாறே படியில் ஏற்றும் இழுக்கு நேராது. இல்லாவிடின், மூலத்தில் உள்ள துளை படியிலும் துளையாகவே நிற்கும். அதனைப் படிதோறும் கைமாற்றிக்கொண்டே செல்வோம்.

'ரீஸ்டோர் வெரிஃபைஒன்லி' என்னும் கட்டளை, படி முழுமையாக உளதா, படிக்க இயலுமா என்பதை நோக்குமேயன்றி, அதன்கண் உள்ள தரவின் கட்டமைப்பு முழுதையும் ஆராயாது. கட்டமைப்பை ஆராய்வது 'டிபிசிசி செக்டிபி' என்பது. அதனை மாஸ்டரில் இயக்கினால் ரிசோர்ஸும் உடன் ஆராயப்பெறும் என்பது பலர் அறியாத நன்மை. ஒரு படி உண்மையிற் பயன்படுமா என்பதை அறிய, அதே திருத்த எண்ணுடைய மற்றொரு கணினியில் அதனை வேறு பெயரில் நிறுத்தி அக்கட்டளையை இயக்குதலே நேர்வழி. பழைய கணினி ஒன்று துறையின் மூலையில் வாளாகிடக்குமாயின் அதுவே இப்பணிக்குப் போதும். மாஸ்டரின் படி நிறுத்தப்பெறச் சிலபோது ஒரு நிமையமும் ஆகாது.